மாதிரி நகரம்

இடுப்புயர மேசை ஒன்றின்மேல்
நகரம் முழுவதும்.
காலணியைக் கழற்றச் சொல்லவில்லை யாரும்.
அண்ணன் கழற்றினான்.
பெர்த்தில் பதினெட்டு வருடம் இருந்தும்
போகாத பழக்கம் இது ஒன்றுதான்.

விற்பனைக்காரர் கெல்வின் இயோ
பொத்தானை அழுத்தினால்
கோபுரச் சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம்.
விற்றுப்போனவை மட்டும் இருட்டு.
எனக்கு அது தலைகீழாகப் பட்டது.
ஆள் வரப்போகிற வீட்டில் அல்லவா
விளக்கெரிய வேண்டும்?

"காடு எந்தப் பக்கம் இருந்தது?"
அண்ணன் என்னைத்தான் கேட்டான்.
கெல்வின் சொன்னார்,
"எல்லாப் பக்கமும், சார்."

தேசிய சேவையில், பத்தொன்பது வயதில்,
இதே தெங்காவில்
மழையில் நின்று சங்கூலால் குழி வெட்டி
மூன்று இரவு அதில் படுத்து,
எறும்பு கடித்த கழுத்தோடு
சனிக்கிழமை வீடு வருவான்.
சீருடையை வாளியில் போட்டுவிட்டு
அப்படியே தூங்கிவிடுவான்.
அலசியது நான்.
அந்த மண்ணின் நிறம்
அவனைவிட எனக்குத் தெரியும்.

இப்போது விரலை வைக்கிறான்
நீச்சல்குளத்தின் நீலப் பிசின்மேல்:
"இங்கதான், ஏறக்குறைய."
"அப்போ உங்களுக்கு ஏற்கெனவே
இங்க இடம் இருந்திருக்கு, சார்!"
கெல்வின் கைதட்டாத குறை.

போகும்போது விமான நிலையத்தில்
நான்கு பெட்டிகளைத் தள்ளியபடி சொன்னான்,
"இந்த ஊர்ல மூச்சுவிட இடமில்ல."
சிவப்புக் கடவுச்சீட்டை மட்டும் விடவில்லை.
இன்று வரியைக் குறைப்பது அதுதான்.
சுரங்க நிறுவனத்தில் சேர்த்தது,
அங்கே வீடு விற்றது,
எல்லாம் ஓர் எண்ணாகிக்
கைப்பேசித் திரையில் நிற்கிறது.
இரண்டு வீடு.
ஒன்று குடியிருக்க, ஒன்று வாடகைக்கு.
அண்ணி இன்னும் பெர்த்தில்,
நாயைக் கொண்டுவரும் படிவங்களோடு.

என் மகன் இளமாறனுக்கு
வீவக குலுக்கல் இது மூன்றாம் முறை.
வரிசை எண் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு.
வீடுகள் அறுநூற்றுச் சொச்சம்.
கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம்,
கல்யாணமானவர்களை எங்கே வைப்பது?

அண்ணன் சொன்னான், நல்ல மனதோடுதான்:
"ரெண்டாவத அவனுக்கே விடுறேன்.
மார்க்கெட் வாடகைக்குக் கொஞ்சம் கீழ."
தலையாட்டினேன்.
நல்லவேளை, நம் தலையாட்டலுக்கு
எப்போதும் இரண்டு அர்த்தம்.

அவன் கையொப்பமிடும் நேரத்தில்
மேசையைச் சுற்றி நடந்தேன்.
எறும்பளவு மனிதர்கள், முகமில்லாமல்.
ஒருத்தி மட்டும் பசை விட்டுக்
கவிழ்ந்து கிடந்தாள்.
நிமிர்த்தினேன். மறுபடி விழுந்தாள்.

விளிம்பில், சாலைக்கு அப்பால்,
பெயரெழுதாத கண்ணாடிக் கட்டைகள்.
"அது என்ன?"
"அது சும்மா சுற்றுப்புறம், மேடம்.
விற்பனைக்கு இல்ல."

புக்கிட் பாத்தோக்.
எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது கட்டை என் புளோக்.
ஒன்பதாம் மாடி, முப்பத்தைந்து வருடம்.
அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்ததும்
அண்ணன் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததும்
அந்த முகவரிக்குத்தான்.
குனிந்து பார்த்தேன்.
கட்டையின் ஊடே
எதிர்ச்சுவரும் சுவரில் தொங்கிய விலைப்பட்டியலும்
தெளிவாகத் தெரிந்தன.

வெளியே வந்து
காலணிக்குள் காலை நுழைத்தபடி கேட்டான்,
"உன் வீடு இங்கேருந்து தெரியுமா?"
காட்டினேன்.
தூரத்தில், மூங்கில் கழியில்
என் மஞ்சள் போர்வை.
வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது.
நடையை எட்டிப் போட்டேன்,
எடுத்து உள்ளே போட வேண்டும்.